மச்சான் கேட்க வேண்டிய கேள்வி

என் வீட்டுக்காரர் எமோசிக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் ஊர் நவுனிவியிலிருந்து நௌசோரி டவுனுக்குப் போகும் காலை ஆறரை மணி பஸ்ஸை ஓட்டுகிறார். ஏறுகிறவர், இறங்குகிறவர், ரோட்டைக் கடக்கும் மாடு என்று யாரையும் விட்டுவைக்க மாட்டார். இருபது வயதில் பட்டாளத்தில் சேரப் போனார். பாதம் தட்டையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற என் அண்ணன் சைலோசி தேர்வாகிவிட்டார். முப்பது வருஷமாக அண்ணன் அவரை "வாத்துக்காலன்" என்றுதான் கூப்பிடுகிறார். எமோசி பதிலுக்கு அண்ணனுக்கு வைத்திருக்கும் பெயர்களை நான் இங்கே சொல்ல முடியாது.

அவர்கள் மச்சான்கள். எமோசி எங்கள் அத்தை மகன். அது போதாதென்று என்னையும் கட்டிக்கொண்டார். எங்கள் வழக்கத்தில் மச்சான் மச்சானை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். துக்க வீட்டில்கூடச் சொல்லலாம். கோபித்துக்கொள்கிறவன்தான் ஊர் முன்னால் தலைகுனிய வேண்டும். மற்ற உறவுகள் இப்படியில்லை. அண்ணனும் தம்பியும் அளந்துதான் பேசுவார்கள். அண்ணனும் தங்கையும் பேசவே மாட்டார்கள். இப்போது பலர் அதைப் பார்ப்பதில்லை. எங்கள் அப்பா அதில் ரொம்பக் கண்டிப்பு. எனக்குப் பன்னிரண்டு வயதானதிலிருந்து சைலோசி அண்ணன் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என் மகளிடம் சொல்வார், அவள் என்னிடம் சொல்வாள். நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருப்பேன்.

அண்ணன் அமைதிப் படையில் லெபனானுக்கு இரண்டு தடவை போனார், சினாய்க்கு ஒரு தடவை, ஈராக்குக்கு ஒரு தடவை. திரும்பி வரும்போதெல்லாம் பேரீச்சம்பழமும் கம்பளியும் கொண்டுவருவார். கதை எதுவும் கொண்டுவர மாட்டார். ஓய்வு பெற்று வந்த பிறகு கிழங்கு போட்டார், தேவாலயத்தில் அடிக்குரலில் பாடினார், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் எமோசியை வறுத்தெடுத்தார். நல்லாத்தான் இருக்கிறார் என்று நினைத்தோம்.

போன வருஷம் பிப்ரவரியில், அவரோடு லெபனானில் ஒரே சாவடியில் காவல் நின்ற இலிசோனி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தேவாலயத்தில் 'சில நாள் சுகவீனத்துக்குப் பிறகு' என்று அறிவித்தார்கள். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. அண்ணன் சவப்பெட்டியின் முன்பக்கத்தைச் சுமந்தார். அதற்குப் பிறகு அடிக்குரல் வரிசையில் அவர் இடம் காலியாகவே இருந்தது. அண்ணி ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கும் வேலைக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் போயிருந்தாள். வீட்டில் அவர் ஒற்றை ஆள். ராத்திரியெல்லாம் அவர் வீட்டு விளக்கு எரிகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அந்தச் சாவுக்குப் பிறகு தலைநகர் சுவாவிலிருந்து ஒரு நர்ஸை அனுப்பினார்கள். பெயர் வசீதி. கடாவு தீவுக்காரி, முப்பது வயதிருக்கும், நெட்டை, சிரித்தால் தோள் குலுங்கும். நௌசோரி சுகாதார நிலையத்தில் அவளுக்கு ஓர் அறை கொடுத்து, வாசலில் 'முன்னாள் படைவீரர் மனநலப் பிரிவு, செவ்வாய்க்கிழமை தோறும்' என்று பலகையும் மாட்டினார்கள். பலகை மார்க்கெட்டைப் பார்த்து இருந்தது. முதல் செவ்வாய் யாரும் வரவில்லை. இரண்டாவது செவ்வாய் ஒருத்தர் வந்தார். கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாவது செவ்வாய் ஒரு நாய் வந்து படுத்துக்கொண்டது.

அவள் நாய்க்குப் பதினெட்டுக் கேள்விப் படிவத்தை வாசித்துக் காட்டினாளாம். எட்டாவது கேள்வியில் நாய் எழுந்து போய்விட்டதாம். இதை என் கிழங்குக் கடைக்கு முன்னால் நின்று, கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டே அவளே சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் எடைத்தட்டு கீழே விழுந்தது. சிரித்து முடித்தபோது எப்படியென்று தெரியவில்லை, அண்ணனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கு எரிவது, பாட்டு நின்றது, எல்லாம்.

"நீங்க கேக்க முடியாதாக்கா?" என்றாள்.

நான் தங்கச்சி, முடியாது என்றேன். தம்பி? முடியாது, அண்ணனை மதிக்க வேண்டும். போதகர்? அவர் கேட்டால் அண்ணன் அவருக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார். பழைய அதிகாரி? அவரைப் பார்த்தால் அண்ணன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து "நலம், ஐயா" என்பார்.

வசீதி கத்திரிக்காயைக் கீழே வைத்தாள். "அவருக்கு யார் மேல கோவமே வராது?"

எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. என் புருஷனைத் தவிர வேறு யார்.

அவள் கடாவுக்காரியாக இருந்தாலும் மச்சான் முறை அவளுக்கும் தெரியும்தானே. ஆனால் யாருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. பட்டாளத்துக்காரர்களை அறைக்குக் கூப்பிடுவதை விட்டுவிட்டு அவர்களுடைய மச்சான்களைக் கூப்பிட்டாள். நவுனிவியிலும் சுற்று ஊர்களிலும் இருபத்தொரு முன்னாள் வீரர்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு மச்சானைத் தேடிப் பிடித்தோம். ஒரு சனிக்கிழமை எங்கள் தேவாலயத்துக் கூடத்தில் கூட்டம். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பிலையும் டின் மீனும் மரவள்ளியும் போடுவதாகச் சொன்னோம். அதனால் பதினான்கு பேர் வந்தார்கள். அவர்கள் போக, சாப்பாட்டுக்காக மட்டும் வந்த மூன்று பேருக்குப் பட்டாளத்தில் யாருமே இல்லை; அவர்களையும் உட்கார வைத்தோம்.

வசீதி சொல்லிக்கொடுத்தது நாலே விஷயம். ஆளிடம் மாற்றம் தெரிந்தால், தூக்கம் போனால், பேச்சு குறைந்தால், ஆசையாக வைத்திருந்த பொருளை எடுத்துக் கொடுத்தால், சும்மா விடாதே. நேராகக் கேள், கேட்பதால் இல்லாத எண்ணம் உள்ளே வந்துவிடாது. ஆமாம் என்றால் பதறாதே, திட்டாதே, ரகசியம் என்று சத்தியம் பண்ணாதே. தனியாக விடாமல் கூட்டிக்கொண்டு வா.

இதில் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஊரையே கேலி செய்யும் பதினேழு வாய்கள், அந்தச் சொல் வந்ததும் அடைத்துக்கொண்டன. ஒருத்தர் எழுந்து "மச்சான், எங்கேயாவது தூரமா போற மாதிரி ஏதும் யோசனையா?" என்றார். இன்னொருத்தர், டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்பான் அவன் என்றார். எமோசி தன் முறைக்கு எழுந்து, தொண்டையைச் செருமி, மழை வருமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வசீதி அவரை விடவில்லை. "அண்ணே, 'சாகணும்னு நெனைக்கிறியா'. ரெண்டே வார்த்தை. பத்து தடவை சொல்லுங்க."

முதல் தடவை சத்தமே வரவில்லை. மூன்றாவது தடவை பாதிதான் வந்தது. ஏழாவது தடவை கூடமே சேர்ந்து சொன்னது. பத்தாவது தடவை அவர்கள் போட்ட சத்தத்தில் தேவாலயத்துக்குள் பாட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். போதகர் வெள்ளைச் சட்டையும் இடுப்புத் துணியுமாக ஓடி வந்து, என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார். பதினேழு ஆண்கள் ஒருவரையொருவர் கைகாட்டி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு விஷயத்தை விளக்க ஒரு தட்டுச் சாப்பாடு தேவைப்பட்டது. சாப்பிட்டுவிட்டு அவரும் ஒரு மூலையில் நின்று பத்து தடவை சொல்லிப் பார்த்தார்.

எமோசிக்குப் பயிற்சி பிடித்துப்போயிற்று. திங்கட்கிழமையிலிருந்து பஸ்ஸில் ஏறுகிறவர்களையெல்லாம் கேட்டார். பூசணிக்காய் விற்கும் லைசானி, மூன்று ஆள் இடத்தில் உட்காருகிறவள், "நீ பிரேக் போடும்போது மட்டும்" என்றாள். நௌசோரியில் தையல் கடை வைத்திருக்கும் ஹர்தயாள், எங்கள் ஊரில் அளவெடுத்துவிட்டுத் திரும்புகிறவர், கையிலிருக்கும் கல்யாண சூட்டைத் தைத்துக் கொடுத்த பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான் வசீதியிடம் புகார் சொன்னேன். விளையாட்டாகக் கேட்டாலும் கேட்கிறவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று அவள் எமோசிக்குச் சொல்லி அனுப்பினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கேள்விக்குச் சிரிக்கவில்லை. எமோசியும் கியர் போடாமல் காத்திருந்தார். அந்த வாத்தியார் அன்றைக்குப் பள்ளிக்கூட நிறுத்தத்தில் இறங்காமல் சுகாதார நிலையத்தில் இறங்கினார். அதை எமோசி யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆனால் அண்ணனை மட்டும் கேட்கவில்லை. ஏன் என்று நான் கேட்டால், அவன் நல்லாத்தானே இருக்கான், நேத்துகூட என்னைத் திட்டினானே என்றார்.

அந்த வாரம் புதன்கிழமை மாலை நான் வீட்டுக்கு வந்தபோது எமோசி நடு அறையில் சிம்மாசனத்தைப் பார்ப்பதுபோல் ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுடைய யங்கோனாத் தொட்டி; அந்த வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துத்தான் நாங்கள் குடிப்போம். கெட்டி மரத்தில் ஒரே துண்டாகக் குடைந்தது, எட்டுக் கால். லெபனானிலிருந்து திரும்பி வந்த முதல் தடவை வாங்கினது. அதில் வேறு யாராவது யங்கோனா கலக்கினாலே அண்ணனுக்கு முகம் மாறும்.

"வச்சுக்கன்னு குடுத்துட்டான்" என்றார் எமோசி, வாயெல்லாம் பல். "முப்பது வருஷம் கேட்டேன். இன்னிக்குத்தான் மனசு வந்துச்சு."

நான் அவரையே பார்த்தேன். அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அண்ணன் புல்வெட்டும் மெஷினைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார் என்றும், ரக்பி பூட்ஸைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார் என்றும் பிறகுதான் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தோம். எமோசி அப்போதே எழுந்து அண்ணன் வீட்டுக்குப் போய், என் ரேடியோ ரிப்பேர், உன் ரேடியோவில்தான் பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஏதோ சொல்லி அங்கேயே படுத்துக்கொண்டார். கேட்க வாய் வரவில்லை. அவர் வாழ்க்கையில் வாய் வராத முதல் ராத்திரி அது. காலையில் நௌசோரியில் வேலை இருக்கிறது, நீயும் வா என்று அண்ணனைக் கையோடு பஸ்ஸுக்கு இழுத்து வந்துவிட்டார்.

அண்ணன் டிரைவருக்குப் பக்கத்து முன் இருக்கையில் உட்கார்ந்தார். நான் கிழங்குக் கட்டுகளோடு அவருக்குப் பின்னால். பஸ் நிறைய ஆள். பால் பண்ணைக்குப் பக்கத்தில் மாடுகள் ரோட்டைக் கடந்தன, பஸ் நின்றது. நூறு மாடு இருக்கும், ஒன்றுக்கும் அவசரமில்லை. எமோசி எஞ்சினை அணைத்துவிட்டு இருக்கையில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"மச்சான், அந்தத் தொட்டி. எத்தனை நாளைக்குக் குடுத்த?"

"வச்சுக்கடா. உனக்குத்தான்."

"நீ எதுல குடிப்ப?"

அண்ணன் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், சாகணும்னு நெனைக்கிறியா?"

அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. பஸ்ஸின் கடைசி இருக்கைவரை கேட்டது. நாற்பது பேரும் கழுத்தை நீட்டினார்கள். அண்ணன் திரும்பிப் பார்த்து, நான் எதிர்பார்க்கவில்லை, சிரித்தார்.

"இதைத்தான் அந்த நர்ஸம்மா சொல்லிக் குடுத்தாளா?"

"ஆமா. பத்து தடவை சொல்ல வச்சா. பதில் சொல்லிருடா, இல்லாட்டி அடுத்தது மறந்துரும்."

மாடுகள் போய்க்கொண்டே இருந்தன. அண்ணனின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

"ஆமாடா" என்றார். "ரொம்ப நாளா."

எமோசிக்கு அடுத்தது உண்மையாகவே மறந்துவிட்டது. வெயில் மறைப்பை இறக்கி, அதில் செருகியிருந்த, வசீதி எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றதால் அவரால் படிக்க முடியவில்லை. காகிதத்தைத் தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"சொன்னதுக்கு நன்றின்னு சொல்லணுமாம்" என்றார். "நன்றிடா."

"சரி."

"உன்னைத் தனியா விடக்கூடாதுன்னு போட்டிருக்கு."

அண்ணன் பின்னால் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "நாப்பது பேர் இருக்காங்கடா, வாத்துக்காலா."

"அப்ப அது முடிஞ்சுது. அடுத்தது, கூட்டிட்டுப் போகணும்."

அன்றைக்கு வியாழக்கிழமை. வசீதி செவ்வாய்க்கிழமைதான் நௌசோரியில் இருப்பாள். வியாழக்கிழமைகளில் கொரொவோ ஆஸ்பத்திரியில். அது நாங்கள் வந்த திசையில், எங்கள் ஊரையும் தாண்டி இருக்கிறது. எமோசி எழுந்து நின்று பயணிகளைப் பார்த்தார். வந்த வழியைக் கையால் காட்டினார்.

லைசானி பூசணிக்காய்களுக்கு நடுவிலிருந்து குரல் கொடுத்தாள். "வண்டியத் திருப்பு. கேட்டுட்டு நிக்கிற."

எங்கள் ஊரில் கைவேலை முடித்து வாங்கிவந்த கல்யாண சூட் ஹர்தயாளின் மடியில் இருந்தது. பதினோரு மணிக்கு நௌசோரியில் மாப்பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அவர் போனை எடுத்து, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி, முகூர்த்தத்தை நகர்த்த முடியாவிட்டால் ஆளை கொரொவோவுக்கு அனுப்பச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாரும் எதிர்க்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம். கடைசி மாடு கடந்ததும் அந்த நீளப் பஸ்ஸை எமோசி பால் பண்ணை வாசலில் ஏழு தடவை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பினார். பண்ணைக்காரர்கள் தொப்பியைக் கழற்றி வழிகாட்டினார்கள்.

அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "ஏன்டா இத்தனை பேரைக் கூட்டிட்டு வர்ற."

"இறக்கி விட்டா உன்னைத் தனியா விட்ட மாதிரி ஆயிரும். காகிதத்துல இருக்கு."

யாரோ பின்னால் பாட்டை ஆரம்பித்தார்கள். முதலில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு, மெதுவாக. எங்கள் ஊரைத் தாண்டும்போது தப்பான திசையில் போகும் பஸ்ஸை ஊரே வாசலில் நின்று பார்த்தது. யாரோ ஜன்னல் வழியே விஷயத்தைக் கத்தினார்கள், இரண்டு பேர் ஓடி வந்து ஏறிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு முடிந்து ரக்பிப் பாட்டுக்கு வந்துவிட்டார்கள். தாளத்துக்குப் பூசணிக்காயைத் தட்டினாள் லைசானி. எமோசி ஹார்ன் அடித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தேன். எனக்கு முன்னால் அண்ணனின் தோள் குலுங்கியது. அது எதனால் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கும் முறையும் எனக்கில்லை. பிறகு பார்த்தால், மூன்றாவது பாட்டில் எல்லாரும் அடிக்குரலைத் தப்பாகப் பிடித்திருந்தார்கள், அவரால் பொறுக்க முடியவில்லை. கையை எடுக்காமலேயே, முகத்தை மூடியபடி, சரியான சுரத்தைப் பாடிக் காட்டினார்.

கொரொவோ ஆஸ்பத்திரியில் வசீதி டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாளாம். பஸ் வந்து நின்று, நாற்பத்திரண்டு பேர் கிழங்கும் பூசணியும் புத்தகப் பையுமாக இறங்குவதைப் பார்த்ததும் பெரிய விபத்து என்று நினைத்து எழுந்திருக்கிறாள். எமோசி என் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, காகிதத்தை நீட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. பிஸ்கட் டீயில் விழுந்தது.

"வாங்க அண்ணே" என்றாள் அண்ணனிடம். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க."

உள்ளே இரண்டு மணி நேரம். மச்சானும் கூடவே இருக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னாராம். பதினெட்டுக் கேள்விப் படிவத்தை அவள் எடுக்கவேயில்லை. சுவாவில் உள்ள டாக்டரோடு போனில் பேச வைத்தாள். மனசு இறங்கும்போது முதலில் என்ன செய்வது, பிறகு யாரைக் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் யாரை என்று மூன்று பேரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதினார்கள். வீட்டில் எதையெல்லாம் பூட்டி வைக்க வேண்டும் என்று அண்ணனே சொல்லி, பின் கொட்டகைச் சாவியை எமோசியிடம் கொடுத்தார். இலிசோனி செத்ததிலிருந்து நாலு மாதமாக ஒரு ராத்திரிகூட இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை என்று அங்கேதான் முதல் தடவையாகச் சொன்னார். லெபனான் சாவடியைப் பற்றியும் சொன்னார். அதை எமோசி எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெளியே புல்தரையில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கிழங்கு என்ன விலை என்று விசாரிக்க, பத்து மணிக்குள் எல்லார் கட்டும் காலி. லைசானி கடைசிப் பூசணிக்காயை ஆம்புலன்ஸ் டிரைவருக்கு விற்றாள். பத்தரைக்கு மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்தது. மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் சூட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது நாங்கள் எல்லாரும் கை தட்டினோம்.

மறுநாள் எமோசி அண்ணனை சுவா டாக்டரிடம் கூட்டிப் போனார். மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அண்ணி ஆஸ்திரேலியாவிலிருந்து வரும்வரை அண்ணன் எங்கள் வீட்டில் தங்கினார். எமோசி வாசலுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்தார். வெளியே போக வேண்டுமானால் அண்ணன் அந்தத் தொந்தியைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் சில ராத்திரிகள் அண்ணன் தூங்கவில்லை, எமோசியின் குறட்டையைத்தான் குற்றம் சொன்னார். ஐந்தாவது நாள் காலை எட்டு மணிவரை தூங்கினார். நாங்கள் வீட்டுக்குள் நுனிக்காலில் நடந்தோம்.

எழுந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள், எமோசி பஸ்ஸில். நான் தட்டை வைத்துவிட்டு, வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்புப் பக்கம் நின்றேன்.

"மரவள்ளி நல்லா வெந்திருக்கு, தோரிகா."

என் பெயர் அவர் வாயில் முப்பத்தைந்து வருஷம் கழித்து வந்தது. "இன்னும் ரெண்டு வைக்கவா அண்ணா" என்றேன். வை என்றார். வைத்தேன். அவ்வளவுதான் பேசினோம். நான் பின்பக்கம் போய்க் கோழிகளிடம் முழுக் கதையையும் சொன்னேன்.

பஸ் கம்பெனி மேலாளர் எமோசியைக் கூப்பிட்டு விளக்கம் எழுதச் சொன்னார். எமோசி ஆறு பக்கம் எழுதினார். மாடுகளைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். ஒரு வாரம் ஷெட்டில் பஸ் கழுவும் வேலை கொடுத்தார்கள். மேலாளர் ஆறு பக்கத்தையும் படித்திருக்க வேண்டும். அடுத்த வாரம் கம்பெனியின் எல்லாப் பஸ்களிலும் டிரைவர் தலைக்கு மேல் வசீதியின் போன் நம்பர் ஒட்டியிருந்தது. அடுத்த தடவை திருப்புவதற்கு முன்னால் ஆபீஸுக்கு ஒரு போன் செய் என்றாராம்.

வசீதி சுவாவுக்கு எழுதினாள், திரும்பவும் எழுதினாள். வாசல் பலகையைக் கழற்றினாள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ரக்பி கிளப்புக்கு மாற்றினாள். யார் வந்தாலும் மச்சானோடு வரலாம், மச்சானும் உள்ளே உட்காரலாம். படிவம் ஆறு கேள்வியாகச் சுருங்கியது. அவசரமில்லாதவர்கள் டாக்டரைப் பார்க்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது; எட்டு மாதம் கடிதம் போட்ட பிறகு டாக்டரே மாதம் ஒருமுறை வர ஆரம்பித்தார். இருபத்தொரு பேரில் பதினாறு பேர் வருகிறார்கள். ஒருத்தர் மச்சானையே ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். அந்த மச்சான் இன்னும் வாரம் தவறாமல் அவர் வேலிக்கு வெளியே நின்று திட்டிவிட்டு வருகிறார். அண்ணனுக்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஏப்ரலில் இரண்டு வாரம் ரொம்ப மோசம். ஆனால் தாளை எடுத்தார், முதல் நம்பரைக் கூப்பிட்டார், எமோசி போனார். இலிசோனியின் ஆண்டு நினைவில் அண்ணன் தேவாலயத்தில் எழுந்து, அவன் எப்படிச் செத்தான் என்பதை உள்ளபடி சொன்னார். போதகர் தலையசைத்தார். இலிசோனியின் மனைவி முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போன மாதம் ஆற்றின் மேல்பக்கத்து ஊர்க்காரர்கள், தங்கள் மச்சான்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். வசீதி, எமோசி, அண்ணன், சமையலுக்கு நான். அங்கே ரோடு கிடையாது, படகுதான். அண்ணன் கூட்டத்தின் முன்னால் நின்று, கேட்கப்படுகிறவராக நடித்துக் காட்டினார். முப்பது மச்சான்கள் வரிசையாக வந்து அவரைக் கேட்டார்கள். ஒருத்தருக்கும் முதல் தடவை வரவில்லை. அண்ணன் அவர்களை அணிவகுப்பில் நிற்க வைத்து, சார்ஜென்ட் குரலில் சொல்ல வைத்தார். பக்கத்து மலையிலிருந்து எதிரொலி கேட்டது.

திரும்பி வரும்போது நடு ஆற்றில் எஞ்சின் நின்றுவிட்டது. படகுக்காரர் கயிற்றை இழுத்துப் பார்த்தார், அது கையோடு வந்துவிட்டது. படகு மெதுவாகத் திரும்பி, பின்பக்கம் முன்னால் போக ஆரம்பித்தது. எமோசி இடுப்பில் கட்டிய சூலுத் துணியை வரிந்துகொண்டு தண்ணீரில் குதித்தார், ஆழம் முழங்கால்தான். தள்ளினார். படகு போனது, அவர் நின்ற இடத்திலேயே சறுக்கி உட்கார்ந்தார்.

"இதுக்குத்தான்டா உன்னைப் பட்டாளத்துல எடுக்கல" என்றார் அண்ணன்.

"நீ இறங்கித் தள்ளு, உன் கால்தான் நல்ல காலாச்சே."

அண்ணன் எழுந்து நின்று வலம், இடம் என்று கட்டளை போட்டார். கடாவுத் தீவுக்காரியான வசீதி, கடலில் பிறந்தவள், சிரிப்பில் படகை ஒரு பக்கம் சாய்த்துவிட்டாள். மீதமிருந்த சேம்பிலைப் பாத்திரம் ஆற்றோடு போனது. "தோரிகா, பாத்திரத்தைப் பிடி" என்று அண்ணன் என்னைப் பார்த்தே கத்தினார். நான் பிடிக்கப் போய் தண்ணீரில் விழுந்தேன். அவரும் இறங்கிவிட்டார். மூன்று பேரும் சேர்ந்து தள்ளினோம், வசீதி படகில் உட்கார்ந்தபடி சிரித்து எங்களை மேலும் பாரமாக்கினாள். நௌசோரிக்கு நாலு மணிக்குச் சேர வேண்டியவர்கள் ஆறரைக்குச் சேர்ந்தோம், சொட்டச் சொட்ட.